எல்லாரும் ஓம் சொன்ன வரவு விதி

என் தம்பி பஸால் யாருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திருத்தப் போனாலும், அதைத் திறப்பதற்கு முன் அந்த வீட்டிலுள்ள எல்லாரையும் கூப்பிட்டு விசாரிப்பான். எப்போதிருந்து குளிரவில்லை, கடைசியாகக் கதவைத் திறந்தது யார், சத்தம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பான். விசாரணை முடிவதற்குள் உள்ளே இருக்கும் மீன் நாறத் தொடங்கிவிடும். ஆனால் பழுது எங்கே என்று அவன் சொன்னால் அது அங்கேதான் இருக்கும். அதில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

மோட்டார் சைக்கிள் வாங்கியபோதும் இதே கதைதான். எனக்குக் கறுப்புப் பிடித்திருந்தது. என் கணவருக்குச் சிவப்பு. அவனுடைய மாமியாருக்கு வெள்ளை. எல்லாரிடமும் கேட்டுவிட்டு நீலத்தில் ஒன்றை வாங்கி வந்தான்.

"ஒருத்தருக்கும் மனவருத்தம் இல்லைதானே ராத்தா?" என்றான்.

"இல்லடா, எல்லாருக்கும் சமமா மனவருத்தம்" என்றேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அவன் டிப்ளோமா வரை படித்து, எங்கள் பக்கத்துச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் குளிரூட்டல் பிரிவின் போதனாசிரியராக இருக்கிறான். கல்முனை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் கேட்காவிட்டாலும் நான் இதைச் சொல்லிவிடுவேன். இறங்கும் இடம் தூரமாக இருந்தால் அவனுடைய சோதனைப் பெறுபேறுகளையும் சொல்வேன்.

அந்தக் கல்லூரியில் முன்பெல்லாம் அதிபர் றஸாக் சேர் ஒரு கடதாசியில் எழுதி ஒட்டுவதுதான் விதி. பிறகு, இனி எல்லாரும் சேர்ந்துதான் திட்டமிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு முறை வந்தது. அதன்படி ஒரு சபை அமைத்தார்கள். அதிபர், மூன்று போதனாசிரியர்கள், அலுவலகத்திலிருந்து ஒருவர், மாணவரில் ஒருவர் என்று ஆறு பேர். நாலு கையாவது உயர்ந்தால்தான் ஒரு விதி விதியாகும். கேட்டுக் கேட்டுச் செய்வதற்கென்றே பிறந்த என் தம்பிக்கு இது பெருநாள் வந்த மாதிரி. போதனாசிரியர் தெரிவில் அவன்தான் அதிக வாக்கு எடுத்தான். தெரிவாகிய அன்றே ஒரு வாக்குறுதியும் கொடுத்துவிட்டு வந்தான், வரவு விதியை மாற்றுவேன் என்று.

அந்த விதி இதுதான். நூற்றுக்கு எண்பது வீதம் வகுப்புக்கு வராத பிள்ளை சோதனை எழுத முடியாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாவிதன்வெளி, சவளக்கடைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்போக நெல் வெட்டு வந்தால் வீட்டில் இருக்க வேண்டும். வெட்டு மெசின் எங்கள் வசதி பார்த்து வராது. அது வரும் நாளில் சாக்குப் பிடிக்கவும், நெல்லைக் கொட்டிக் காயவைக்கவும், மழை இருட்டினால் ஓடி மூடவும் ஆள் வேண்டும். போன வருடம் அப்படிப் போன பிள்ளைகள் எல்லாரும் சோதனைக்கு வெளியே நின்றார்கள். அவர்களில் ஒருத்தி சவளக்கடை கிருசாந்தி. குளிரூட்டல் வகுப்பில் இருக்கிற ஒரே பெண்பிள்ளை. இந்த வருடம் முதலிலிருந்து மறுபடியும் படிக்கிறாள். மாணவர்கள் அவளைத்தான் சபைக்கு அனுப்பினார்கள்.

"இந்த முறையும் வெளிய விட்டா அவள்ட அப்பா படிப்புப் போதுமெண்டிருவாரு ராத்தா" என்றான் பஸால். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் பகிடி இல்லை.

வெட்டுத் தொடங்குவதற்கு முன் சபை ஒத்துக்கொள்ளாவிட்டால் பழைய விதியே இந்த வருடமும் நடக்கும். அதனால் அவன் ராப்பகலாக இருந்து ஒரு திட்டம் எழுதினான். வெட்டுக் காலத்தில் எண்பது வேண்டாம், அறுபது வீதம் போதும் என்பது அதன் சாரம். சபையில் வைக்கும் முன் ஆறு பேரும் ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எங்கள் பக்கத்தில் கலியாணத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அதனால் அவன் இருப்பது மாமியார் வீடு. அங்கே கூட்டம் வைப்பதென்றால் முதலில் மாமியாரோடு ஒரு கூட்டம் வைக்க வேண்டும்.

"ஒங்கட ஊட்ட வெப்பமா ராத்தா? சின்னதா ஒரு சாப்பாட்டோட."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ. அதோடு வெல்டிங் போதனாசிரியர் கதிர்காமன் சேர் அன்று மரக்கறி. சனிக்கிழமை பஸாலுக்குக் கடற்கரையில் கிரிக்கெட். அவன்தான் கெப்டன். யார் பந்து வீசுவது என்று எல்லாரிடமும் கேட்டு முடிவதற்குள் வெளிச்சம் போய்விடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியது.

நான் கோழிப் புரியாணி ஆக்கினேன். இனிப்புக்கு வட்டிலப்பம் முதல் நாளே அவித்து வைத்தேன். முன்னறையில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்தேன். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. ஆண்கள் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கதிர்காமன் சேருக்கு நான் தனிப் பீங்கான் வைத்திருந்தேன். அவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இதுக்குள்ள எந்தப் பக்கம் என்ட பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே சஹனில் கையை வைத்தார்.

பஸால் ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையில் கடதாசியைப் பிடித்து ஒவ்வொரு வரியாக வாசித்தான். அலுவலகத்து மீராசா காக்கா ஒவ்வொரு வரிக்கும் "ஓம் ஓம், நல்ல விசயம்" என்றார். கதிர்காமன் சேர், "நீங்க எழுதினா சரிதான் பஸால்" என்றார். அதிபர் இரண்டு முறை "மாஷா அல்லாஹ்" சொன்னார். அது வரவு விதிக்கா, கோழிக்கா என்று எனக்குக் கதவுக்குப் பின்னால் நின்றும் விளங்கவில்லை.

உள்ளே என்னோடு சாப்பிட்டவர்கள் தையல் போதனாசிரியை நதீரா மிஸ்ஸும் கிருசாந்தியும். அங்கே கதை வேறு.

"அக்கா, சேர் நல்ல மனசோடதான் எழுதியிருக்கார்" என்றாள் கிருசாந்தி. "ஆனா அறுபது வீதம் வந்த புள்ள அறுபது வீதம்தானே படிச்சிருக்கும்? மறுகா வேலைக்குப் போன இடத்துல கம்ப்ரஸரைப் பார்த்து முழிக்கிறதா?"

"அத வெளிய போய்ச் சொல்லன் புள்ள."

"உங்கட சோத்தத் தின்னுபோட்டா? எப்படி அக்கா?"

நதீரா மிஸ் சிரித்தார். "வட்டிலப்பத்தையும் வெச்சிட்டு எதிர்க்கச் சொன்னா ஆரால ஏலும்?"

அவர்கள் போனபின் இதை அப்படியே பஸாலிடம் சொன்னேன். அவன் கேட்கிற நிலையில் இல்லை. பெண் பார்த்து எல்லாம் சரிவந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"சும்மா இரிங்க ராத்தா. ஆறு பேரும் ஓமெண்டாங்க. இதுக்குப் பேருதான் கூட்டு நிர்வாகம்."

"ஆறு பேரும் சாப்பிட்டாங்க. அதுக்கு நான் சாட்சி" என்றேன்.

அடுத்த கிழமை சபை கூடியது. அதிபர் திட்டத்தை வாசித்து, ஒத்துக்கொள்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றாராம். பஸாலின் கை உயர்ந்தது. கதிர்காமன் சேரின் கை பாதி உயர்ந்து, பிறகு காதைச் சொறியப் போய்விட்டது. மற்ற யாருடைய கையும் மேசையை விட்டு எழும்பவில்லை.

"மீராசா காக்கா, நீங்க அண்டைக்கு ஓமெண்டீங்களே?" என்று கேட்டானாம்.

"ஓம் தம்பி. உங்கட ராத்தா ஆக்கின சாப்பாட்டுக்கு முன்னால வேற என்னத்தச் சொல்ற? ஊட்டுக்காரர்ர மொகத்தப் பார்த்து இல்லையெண்ட ஏலுமா?"

அன்று மாலை அவன் மாமியார் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டான்.

"கிருசாந்தியும் கையத் தூக்கல்ல ராத்தா. அவளுக்காகத்தானே எழுதினன்."

"அவள்ட்ட கேட்டியா?"

"எல்லாரிட்டயும்தான் கேட்டன்."

"சோத்துக் கையோட கேட்ட."

ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு, வெட்டுக்கு முன் இன்னொரு முறை கூடலாம் என்று அதிபர் சம்மதித்திருப்பதாகச் சொன்னான். "இந்த முறை கல்லூரியிலதான் வெக்கிற. பிளேன்டீயும் இல்ல. ஒண்டும் இல்ல. பசியோட இருந்து கதைக்கட்டும்."

"வட்டிலப்பம் மட்டும் செஞ்சி அனுப்பட்டா?"

"அல்லாட காவல்! வேணா ராத்தா."

அந்தக் கூட்டத்தைப் பற்றி அவன் சொன்னதை விட நதீரா மிஸ் சொன்னது நீளம். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டத்தை வைத்திருக்கிறான். தண்ணீர்ப் போத்தல்கூட மேசையில் இல்லை. அவன் திட்டத்தை வாசிக்கவில்லை. "இது ஏன் சரிவராது எண்டு சொல்லுங்க, கேக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தானாம்.

அதற்குப் பிறகு யாரும் முகம் பார்க்கவில்லை. வெட்டுக்கு ஒரு கணக்கு, மற்ற நாளுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வரவு இடாப்புப் புத்தகத்தைத் தான் எப்படி வைப்பது, கணக்குப் பார்க்கிற ஓடிற்காரர் வந்தால் யார் பதில் சொல்வது என்று மீராசா காக்கா மேசையில் தட்டினார். "கைபழகாதவனுக்கு வெல்டிங் சான்றிதழ் குடுத்தா, நாளைக்கு அவன் ஒட்டின இரும்புக் கேற் ஆரிட தலையிலயாவது விழும்" என்றார் கதிர்காமன் சேர். "என்ட புள்ளைகள் நோன்போடயும் வகுப்புக்கு வாறாங்க. அவங்களுக்கு இல்லாத சலுகை மத்தவங்களுக்கு என்னத்துக்கு?" என்றார் நதீரா மிஸ்.

பஸால் ஒருவரையும் மறித்துப் பேசவில்லை. கடைசியாகக் கிருசாந்தியைப் பார்த்தான்.

"எங்களுக்குச் சலுகை வேணாம் சேர்" என்றாள் அவள். "மெசின் வாற ரெண்டு கிழமையும் கல்லூரியைப் பூட்டுங்க, எல்லாருக்கும். விட்ட பாடத்தச் சனிக்கிழமையில படிப்பிச்சுத் தாங்க. எண்பது எண்பதாவே இருக்கட்டும். நாங்க வாறம்."

மீராசா காக்கா மேசையில் தட்டுவதை நிறுத்தினார். ஒரு இடாப்பு போதும். கதிர்காமன் சேருக்கு வெல்டிங் மணித்தியாலம் குறையாது. நதீரா மிஸ்ஸுக்கும் விதி எல்லாருக்கும் ஒன்று. மேலிடத்துக்கு விளக்கம் எழுதுவது தன் வேலை என்றார் அதிபர். பிறகு ஐந்து பேரும் பஸாலைப் பார்த்தார்கள்.

"சனிக்கிழமையா?" என்று மெல்லக் கேட்டானாம்.

"ஏன் பஸால்," என்றார் மீராசா காக்கா, "டீமிட்டயும் அபிப்பிராயம் கேக்கணுமா?"

டீமிடம் கேட்கவில்லை. ஆனால் ஒரு நிமிசம் என்று வெளியே போய் மனைவிக்குப் போன் எடுத்திருக்கிறான். "ஒங்கட கிரிக்கெட்டுக்கு நான் எப்பவோ எதிர்ப்பு" என்று அவள் போனை வைத்துவிட்டாளாம். உள்ளே வந்து கையை உயர்த்தினான். ஆறு கையும் உயர்ந்தன.

"என்ட திட்டத்துல ஒரு வரியும் மிஞ்சல்ல ராத்தா" என்று என்னிடம் வந்து சொன்னான். சொல்லும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். நான் மறுநாள் பஸ்ஸில் இரண்டு பேருக்கு இதைச் சொன்னேன்.

வெட்டு முடிந்து முதல் சனிக்கிழமை காலை எனக்குப் போன் வந்தது.

"ராத்தா, எல்லாரும் வந்திரிக்காங்க. சவளக்கடையால வாற புள்ளைகள் ஒண்டும் குறையல்ல. கிருசாந்திர கையெல்லாம் வைக்கோல் கீறின காயம். வந்ததும் வராததுமா கம்ப்ரஸரக் கழட்டிட்டாள்."

"அல்ஹம்துலில்லாஹ். நீ நேரத்துக்குப் போனியா?"

முதலில் யாரிடமோ மணி என்ன என்று கேட்டான். பிறகு, "கொஞ்சம் சுணங்கிட்டன்" என்றான்.

போனுக்குள் ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. "சேர், பிந்தி வந்ததுக்கு உங்கட வரவையும் வெட்டுறதா? எண்பது வீதம் எல்லாருக்கும்தானே?"

வகுப்பே சிரித்தது. பஸால் என்ன பதில் சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அதற்கும் எல்லாரிடமும் அபிப்பிராயம் கேட்டிருப்பான்.