இறுகிப்போகாத பிரேக்

முன்பிரேக்கை அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கிக்கொண்டே மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவாள் ரூபி. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், கிளமெண்டி அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் அவளுக்கு இதுதான் வேலை. பூசைக்குக் கட்டிய சேலையின் முந்தானை இடுப்பில் ஏறியிருக்கும். காலில் கணவனின் பழைய கேன்வாஸ் சப்பாத்து.

வண்டி கணவன் சவரிராஜ் ஆசை ஆசையாக வாங்கியது. கப்பலில் எஞ்சின் அறை வேலை அவனுக்கு. மாதக்கணக்கில் கடலிலேயே கிடப்பான். வண்டி மழைச்சாரலில் நிற்கும். எண்பத்திரண்டில் விடுமுறைக்கு வந்தவன் அதை நகர்த்தப் பார்த்தான். அசையவில்லை. முன்சக்கரத்தின் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் துருவேறி இறுகிவிட்டிருந்தது. பாதி விடுமுறை பட்டறை வாசலிலேயே கரைந்தது. ரூபியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போகும் திட்டமும் போயிற்று. கப்பலேறியபோது அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது.

மறுநாளே தேக்கா பக்கம் பட்டறை வைத்திருந்த சாகுல் ஹமீது முன்னால் போய் நின்றாள்.

“பிளாஸ்டிக் போட்டு மூடாதீங்க, உள்ளுக்குள்ள வேர்த்துடும். துணி போதும்,” என்றார் அவர். “கழுவினா நல்லாத் தொடச்சிடுங்க. வாரம் ஒரு தடவ உருட்டி, பிரேக்க அமுக்கி அமுக்கி விடுங்க. சும்மா நின்னாத்தான் பிடிச்சுக்கும் லா.”

அப்படித் தொடங்கியதுதான் இந்த உலா. பழைய டூத்பிரஷால் காலிப்பரின் இடுக்கைத் தேய்க்கும்போது அவள் நாக்கு நுனி வாயோரம் எட்டிப் பார்க்கும். அவள் வேலை பார்க்கும் ரேடியோ தொழிற்சாலையில் பொடிப்பொடி கம்பிகளைப் பற்றவைக்கும்போதும் அப்படித்தான்.

“பிள்ளைய வாக்கிங் கூட்டிட்டுப் போறியா, ரூபி?” என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பாள் பக்கத்து வீட்டு மைமூன்.

“ஆமாக்கா! சோறு கேக்காத பிள்ளை!”

ஒரு ஞாயிறு, மூச்சிரைக்க மேட்டில் தள்ளிக்கொண்டிருந்தவளிடம் மைமூன் இறங்கியே வந்துவிட்டாள். “எவ்வளவு நாளைக்குத் தள்ளுவே? ஏறி ஓட்டினா என்ன?”

ரூபி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுவாரம் லைசென்ஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முதல் டெஸ்டில் தோற்று, முட்டியில் சிராய்ப்போடு வந்தாள். “பிரேக் நல்லாத்தான் பிடிக்குதுக்கா. நான்தான் ரொம்பப் பிடிச்சிட்டேன்.” இரண்டாவது முறை பாஸ். சவரிராஜிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

அடுத்த விடுமுறைக்குத் தோளில் பையோடு துறைமுக வாசலைத் தாண்டியவன், டாக்சி தேடினான். தேடிய கண் தன் வண்டியில் போய் நின்றது. அதன் மேல் அவன் மனைவி.

“யாரு ஓட்டிட்டு வந்தா?” என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

“இங்க வேற யாரு இருக்கா?”

அவன் வாய் பிளந்தபடி குனிந்து காலிப்பரைத் தடவிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சாவிக்குக் கை நீட்டினான்.

ரூபி அந்தக் கையில் இரண்டாவது ஹெல்மெட்டை வைத்தாள்.