வெயில் படாத தட்டு

"பிரமாதி, தை. எலி விழுந்தது. கொல்லைக்குப் போகிறோம்."

என் பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் வரி இது. ஆங்கிலக் கணக்கில் 1940, ஜனவரிக் கடைசியாகவோ பிப்ரவரித் தொடக்கமாகவோ இருக்கும். தேதி போடவில்லை. தேதி போடாமல் எதையும் எழுதுகிற வழக்கம் எனக்கு அப்போதும் இல்லை. அன்று அதற்கு மனம் ஓடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

எலி விழுவது என்றால் என்ன என்று இப்போது சொல்லித்தான் தெரிய வேண்டும். பிளேக் வருமுன் எலிகள் பரணிலிருந்தும் கூரையிலிருந்தும் விழுந்து சாகும். ஒரு வீட்டில் விழுந்தாலே போதும், ஊர் முழுதும் வீடுகளைப் பூட்டிவிட்டு, கொல்லை என்று நாங்கள் சொல்லும் அவரவர் நிலத்தில் கொட்டாய் போட்டுக்கொள்ளும். எங்கள் ஊர் பென்னாகரம் சாலையில் இருந்தது; அந்தப் பகுதி அப்போது சேலம் ஜில்லா. அந்த வருடம் முதல் எலி எங்கள் அடுப்பங்கரையில் விழுந்தது. நானும் கணவரும் மாமியாரும் கொல்லையில் சோளத்தட்டு வேய்ந்த கொட்டாய்க்குக் குடிபோனோம்.

எலியை விட்டிறங்கும் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடித்தால் நோய் பற்றும், ஆகவே வீட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் ஒரு பகல் முழுதும் வெயிலில் பரப்பிய பிறகே கொட்டாய்க்குள் சேர்க்க வேண்டும் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் தமுக்கடித்துச் சொல்லியிருந்தார். பாய், போர்வை, புடவை எல்லாம் பாறைமேல் கிடந்தன.

கணவருக்குப் புளி வியாபாரம். பெங்களூர் மண்டிக்குப் போனவர் ஒருமுறை பழைய கிராமபோன் ஒன்று வாங்கி வந்தார். நாடகப் பாட்டுத் தட்டுகளை ஆசையாகப் போட்டுக் கேட்போம். பெட்டியோடு வந்த ஒரு தட்டு மட்டும் மூடியின் உள்பையிலேயே கிடந்தது. அதை ஒரே ஒருதரம் போட்டபோது, "யாரு செத்தாங்கன்னு இவன் இப்பிடி இழுக்கறான்?" என்றார் மாமியார். அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை.

பூட்டிய வீடுகளில் திருட்டு நடப்பதாகச் சேதி வந்தது. பூட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போன கணவர், பாட்டுப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு திரும்பினார்.

"உள்ள போனீங்களா?"

"போனேன், எடுத்தேன், வந்துட்டேன்."

"எலி கெடந்துச்சா?"

பெட்டியைப் பாறையில் இறக்கினார்.

"டேய், உசுரு பெருசா, பாட்டு பெருசா?" என்றார் மாமியார்.

"வெயில்ல வெச்சா செரியாப் போவுது, வுடும்மா."

இன்ஸ்பெக்டர் கட்டளைப்படியே வைத்தார். பெட்டியைத் திறந்து போட்டு, தட்டுகளை உறை நீக்கிப் பாறையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். எங்கள் ஊரில் அதுவரை யாரும் பாட்டுத் தட்டை வெயிலில் காயவைத்ததில்லை. சாயங்காலம் எடுக்கப் போனால் அத்தனையும் கிண்ணம்போல வளைந்து கிடந்தன. மாமியார் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "பரவால்ல, களிக்குக் கொழம்பு ஊத்திக்கலாம்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்தக் கொட்டாயில் சிரித்ததாக நினைவில்லை.

பெட்டியை உள்ளே வைத்துத் துடைக்கும்போது மூடியின் பையில் கை பட்டது. அந்த ஒரு தட்டு, உறையோடு, உள்ளேயே இருந்தது. வெயில் அதைத் தொடவே இல்லை. எலி விழுந்த வீட்டின் இருட்டோடு நேரே கொட்டாய்க்குள் வந்திருந்தது. உறையை அடுப்பில் போட்டேன். தட்டைப் பினாயில் தண்ணீரில் முக்கித் தேய்த்தேன். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் ஊறிக் கூழாகிக் கையோடு வந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் படித்திருக்கவில்லை.

சில நாளில் கணவருக்குக் காய்ச்சல் கண்டது.

பிளேக் என்றால் காய்ச்சலோடு அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். நான் போர்வையைச் சரிசெய்வதுபோல அவர் அக்குளைத் தடவிப் பார்த்தேன்.

"என்ன தேடற?"

"ஒண்ணுமில்லீங்க."

"இருந்தா மறைக்காத."

மாமியார் என்னை வெளியே அழைத்துப் போனார். "வாயத் தெறக்காத. தெரிஞ்சா ஏரிக்கு அந்தாண்ட இருக்கற பிளேக் கொட்டாயில கொண்டுபோய்ப் போட்டுருவாங்க. போனவங்க யாரு திரும்பி வந்தாங்க?" அடுத்த கொல்லையிலிருந்து ஒரு பெண்ணை அப்படிக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் திரும்பவில்லை.

மறுநாள் காய்ச்சல் இல்லை. அதற்கு மறுநாள் மத்தியானம் பல்லெல்லாம் கிட்டும்படி நடுக்கத்தோடு வந்தது.

"சத்தமே இல்லாம கெடக்கறது என்னமோ பண்ணுது. எதையாச்சும் போடு" என்றார்.

"அந்த அழுவற தட்டு ஒண்ணுதாங்க இருக்குது."

"அதையே போடு."

சாவி கொடுத்து முள்ளை வைத்தேன். பாட்டுக்கு வார்த்தையே இல்லை. ஒரு ஆண்குரல் கீழே எங்கோ தொடங்கி ஒரு படி ஏறியது, ஏறிய இடம் உறுதிதானா என்று பார்ப்பதுபோல் நின்றது, இறங்கியது, மறுபடி அங்கேயே வந்து, இந்தமுறை அதைத் தாண்டியது. நான் முன்பு கேட்ட பாட்டெல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகும். இந்தக் குரல் எதையும் சொல்லவில்லை, தேடிக்கொண்டிருந்தது. முள் நடுவுக்கு வந்து கரகரத்தபோதுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் நான் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. உடனே பயம் திரும்பி வந்தது. அதற்காகவே மறுபடி சாவி கொடுத்தேன். மறுபடியும்.

அந்தச் சத்தம்தான் இன்ஸ்பெக்டரைக் கொண்டுவந்து சேர்த்தது. வரப்பில் போனவர் கேட்டுவிட்டுத் திரும்பினார். வாசலில் நின்றபடியே, உள்ளே போர்த்திக் கிடந்தவரைப் பார்த்து, "யாருக்கு ஒடம்பு செரியில்ல?" என்றார். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அவர் உள்ளே வரவில்லை. கைத்தடியை நீட்டிக் கணவரின் கையைத் தூக்கச் சொன்னார். பிறகு மற்றக் கையை. பிறகு எங்களைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு வேட்டியை விலக்கச் சொன்னார்.

"நேத்து காச்சல் இருந்துச்சா?"

"இல்லீங்க. முந்தாநாளு இருந்துச்சு."

"ஒரு நாள் விட்டு ஒரு நாளா?" மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரைகளை வாசற்படியில் வைத்தார். "முறைக்காச்சலாட்டம் தெரியுது. ஆனா இப்பவே சொல்ல முடியாது. நாளைக்கும் வருவேன். நெறி கட்டுனா மறைக்கக் கூடாது." போகும்போது, "பாடறது யாரு?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அவர் வந்துபோன ஒவ்வொரு நாளும் நான் அந்தத் தட்டைப் போட்டுவிட்டு அக்குளைத் தேடினேன். நெறி கட்டவில்லை. முறைக்காய்ச்சல்தான். ஊருக்குத் திரும்பியபோது கோடை பிறந்திருந்தது. ஊரில் சில வீடுகள் பூட்டியபடியே இருந்தன.

யுத்தம் முடிந்தபின், தருமபுரியில் ஒரு கோவில் கச்சேரிக்குப் போயிருந்தேன். பாடகர் கீழே தொடங்கி, ஒரு படி ஏறி, நின்றார். என் கை தானாக என் அக்குளுக்குப் போனது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் இது என்னவென்று கேட்டேன். "பைரவிங்க" என்றார். ஆறு வருடம் நான் பெயர் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தது பைரவி.

தட்டின் நடுவில், காகிதம் இருந்த இடத்தை ஒட்டிக் கீறியிருந்த எண்ணைப் பிரதியெடுத்துச் சேலத்தில் ஒரு கடைக்கு அனுப்பினேன். கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. இரண்டும் தங்கள் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. பாடியவர் பெயர் அங்கேயே நின்றுவிட்டது.

இன்னொன்றும் நின்றுபோனது. பெட்டியை எடுக்கப் போன அன்று வீட்டுக்குள் எலி கிடந்ததா என்று கணவரைப் பின்னாளிலும் கேட்டிருக்கிறேன். "தட்டப் போடு" என்பார். அவர் இல்லாத இன்று கேட்பதற்கு ஆளில்லை. கிடந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது என் ஊகம், சரிபார்த்தது அல்ல.