இடப்பக்கம் படுத்தவன்

தையல் ஆலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். இருபத்திரண்டு வருடம் சட்டைகளைச் சரிபார்க்கிற மேசையில் நின்றவள். ஒரு நூல் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மூளையில் ரத்தம் அடைத்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வேலைக்குத் திரும்பி வந்த அன்றைக்கே, பொத்தான் இல்லாத சட்டைகள் நாற்பதை நல்லது என்று தள்ளிவிட்டாள். எல்லாவற்றிலும் அவளுக்கு இடப்பக்கம் விரிந்த சட்டைக் கையில்தான் பொத்தான் இல்லை.

"என்னக்கா, கழுகு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பறக்குதா?" என்றான் சூப்பர்வைசர். அவளும் சேர்ந்து சிரித்தாள். சாயங்காலம், உடம்பு தேறட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்பாள். புருஷன் தட்டைத் திருப்பி வைப்பார். மீதிப் பாதி அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதை மூளைதான் விட்டுடுச்சு. கண்ணை மூடிக்கிட்டு உங்க தெருமுனையிலிருந்து வீட்டுக்கு நடங்க. என்னென்ன வருது?"

"மருந்துக்கடை. சைக்கிள் கடை. சலூன்."

"இப்ப வீட்டிலிருந்து முனைக்கு வாங்க."

"மாவு மில்லு, பள்ளிக்கூடம், லாண்டரி." முதலில் சொன்னது ஒன்றுகூட வரவில்லை; இரண்டு தடவையும் வலப்பக்கம் இருந்தது மட்டும்தான் வந்தது.

"பார்க்கறதுல மட்டும் இல்லம்மா, நினைச்சுப் பார்க்கறதுலயும் பாதிதான்."

இத்தனை நாளும் அவள் யாரிடமும் சொல்லாதது அதுதான்.

அவளுடைய மகன் ஆறு வயதில் போய்ச் சேர்ந்தவன். இருந்த ஒரே போட்டோவும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த வருடம் ஊறி அழிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் முகம் அவள் நினைப்பில்தான் இருந்தது. சாயங்காலம் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிடும்போது அந்தப் பழைய பாய் வரும். வலப்பக்கம் மகள், நடுவில் அவள், இடப்பக்கம் அவன், வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு மகள் மட்டும்தான் வருகிறாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொல்லி அழுதாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா தெருவுக்குச் சொன்ன வழிதானே. நீ படுத்துக்கிட்டு நினைக்காத. பாயோட கால்மாட்டுல நின்னு பாரு. அவன் உனக்கு வலப்பக்கம் வந்துடுவான்."

கண்ணை மூடி, கால்மாட்டில் போய் நின்றாள். வந்தான்.

ஆனால் கால்மாட்டில் நின்று அவனை அவள் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். வெள்ளைத் துணியைக் கழுத்துவரை போர்த்தி, அதே பாயில் அதே இடத்தில் அவனைக் கிடத்தியிருந்த நாள். அந்த முகம்தான் வந்தது. வாய் இறுக மூடியிருந்தது.

"வந்தானா?"

"வந்தான்."

"பார்த்தியா, சொன்னேன்ல" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அவன் இடமா வலமா என்று படைத்தவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த மூடிய வாய் திரும்ப வராமலிருக்க, மறுநாளிலிருந்து அவள் கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டாள்.