ஷரஃபுதீன் பாய் சொன்ன வயலின் பையன்

பாண்டி பஜாரில் வெற்றிலைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஓர் இடுக்கு. அதில் ஒரு தையல் மெஷின், ஒரு கண்ணாடி, ஒரு ஸ்டூல். நாலாவதாக ஏதாவது வேண்டுமானால் வாடிக்கையாளர் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் ஷரஃபுதீன் பாயின் தையல் கடை. பாயின் மனைவி அஃப்சருன்னிசா பின்னால் ஒரு படுதாவுக்கு அப்பால் உட்கார்ந்து பொத்தான் தைப்பார். முன்னால் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும்.

பாய்க்குச் சங்கீதம் தெரியாது. கச்சேரிக்குப் போனால் பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார். ஆனால் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் எந்த மேடையில் யார் புதிதாக ஏறப் போகிறார் என்பது நோட்டீஸ் அச்சாகும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. முதன்முதலாக மேடை ஏறுகிற யாரும் புதுத்துணி தைக்காமல் ஏறுவதில்லை. வயலின்காரருக்கு ஜிப்பாவின் வலது கை தாராளமாக இருக்க வேண்டும். மிருதங்கக்காரருக்கு மணிக்கட்டில் துணி தொங்கக் கூடாது. பாடுகிற பெண் தொடையில் தட்டித் தாளம் போடுவாள். அதனால் ரவிக்கையின் வலது கக்கத்தில் ஒரு சின்ன முக்கோணத் துண்டு வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது பாட்டிலேயே தையல் விட்டுவிடும். “வலது கை மட்டும் கொஞ்சம் லூசா” என்று யாராவது சொன்னால் போதும், பாய் உதட்டில் கடித்த குண்டூசியோடு புன்னகை செய்வார். ஆறு வருஷத்தில் அவர் சொல்லி ஒன்றுகூடத் தப்பியதில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை, தைக்கிற வேலையில்கூட இருந்ததில்லை.

1946ஆம் வருஷம் கமலவேணி அம்மாளின் சுற்றுப்பயணம் வந்தது. முதலில் எங்கள் பேட்டை சபை, பிறகு வேலூர், சேலம், கோயம்புத்தூர் என்று பன்னிரண்டு ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் அம்மாள் மேடைக்கு வருவதற்கு முன் அந்த ஊர் இளம் வித்வான் ஒருவருக்கு முக்கால் மணி நேரம். அம்மாளின் தம்பியே எல்லாரையும் கேட்டுப் பார்த்து ஆளைப் பொறுக்கியிருந்தார். முந்தின வருஷம் சிபாரிசுக் கடிதங்களில் மூச்சுமுட்டிப்போன சபைச் செயலாளர், இந்தத் தடவை பெயரை வெளியே விடவில்லை. “திரை தூக்கும்போது தெரிந்துகொள்ளுங்கள்” என்றுவிட்டார்.

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? பஜாரே பாய் கடைக்கு வந்து விசாரித்தது. அதில் அவசரம் அதிகம் காட்டியவர் எதிர் ஜவுளிக் கடை வெள்ளைச்சாமி. திருநெல்வேலிக்காரர். சபைக்குப் புதுத் திரை வாங்கிக் கொடுத்தவர். திரையின் நடுவில் அவர் கடைப் பெயர் சிவப்பு எழுத்தில் இரண்டு முழத்துக்கு இருந்தது. முதலில் பாடுகிறவருக்கு மரியாதை செய்யும் பொறுப்பையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

“வே பாய், யாருன்னு தெரிஞ்சுதா?”

“இன்னும் துணி வர்ல மொதலாளி.”

“வந்ததும் மொதல்ல எனக்குத்தான் சொல்லணும். சபைக்காரன் என் திரையைத் தொங்கவிட்டுக்கிட்டு என்கிட்டயே மறைக்கான் பாரும்!”

மறுநாள் துணி வந்தது. கொண்டுவந்தவள் ஜலஜா. வெங்கடநாராயணா ரோட்டில் இருக்கும் பெண்.

“பாய், இந்த அளவு ரவிக்கை மாதிரியே தைக்கணும். வலது கை மட்டும் கொஞ்சம் தளர்வா.”

“உனுக்காம்மா?”

“எனக்குத்தான். எங்காத்துல ஒரு விசேஷம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் போய்விட்டாள்.

பாய் அளவு ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் தைத்ததுதான். ஆனால் ஜலஜாவுக்குத் தைத்ததல்ல. ஆடி மாதம் வெள்ளைச்சாமியின் மகள் சீதாவுக்குத் தைத்தது.

பாய்க்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சீதா இரண்டு வருஷமாக ஜலஜா வீட்டுக்கு ஹிந்தி வகுப்புக்குப் போகிறாள். பம்பாயிலிருந்து வரும் துணிப் பேல்களின் மேலே எழுதியிருப்பதைப் படிக்க உதவும் என்று வெள்ளைச்சாமியே அனுப்பினார். ஒரு நாள் பாய் வேடிக்கையாக அவளிடம், “பேட்டீ, கைஸீ ஹோ?” என்று ஹிந்தியில் நலம் விசாரித்ததற்கு, “ரெண்டு கஜம் போதும் பாய்” என்று பதில் சொன்னாள். அந்த வீட்டில் நடந்தது பாட்டு வகுப்பு என்பது பாய்க்கு இப்போது விளங்கியது.

“ஏ அஃப்சர், மொதலாளி பொண்ணுதான் பாடப் போவுது!”

படுதாவுக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது. “வாயை மூடுங்க. அந்த ஆளு, பொம்பளைப் புள்ள மேடை ஏறுனா மாப்பிள்ளை கெடைக்காதுன்னு ஊர் பூரா சொல்லிக்கினு கீறாரு. இப்ப தெரிஞ்சா அந்தப் பொண்ணை ராவோட ராவா திருநெல்வேலி ரயில்ல ஏத்திடுவாரு.”

“ஆனா அவரு கேப்பாரே!”

“கேட்டா பொய் சொல்லுங்க.”

“நான் சொல்லி இதுவரிக்கும் தப்புனதில்லடீ!”

“அப்ப உங்க பேரு பெருசா, அந்தப் புள்ளையோட முக்கா மணி நேரம் பெருசா?”

பாய் அன்று முழுவதும் ஒரு பொத்தான் ஓட்டைகூட ஒழுங்காகப் போடவில்லை. சாயங்காலம் வெள்ளைச்சாமி வந்து நின்றார்.

“என்னவே, வந்துட்டாமே துணி?”

“வந்துச்சு மொதலாளி. பையன். நங்கநல்லூரு. வயலின்.”

“அப்படிப் போடும்!” வெள்ளைச்சாமிக்கு முகம் மலர்ந்தது. தன் கடையிலிருந்தே நல்ல பட்டு எடுத்து அனுப்பினார். மரியாதையாகப் போடுவதற்கு அந்தப் பையனுக்கே பாய் ஒரு ஜிப்பா தைக்க வேண்டுமாம். “அவன் அளவுதான் உம்மகிட்ட இருக்குமே!”

இல்லாத பையனுக்கு எப்படி அளவு வைப்பது? மார்பு முப்பத்தி நாலா, முப்பத்தாறா? கடைசியில் பாய் தன் மைத்துனன் மெஹபூப் பாஷாவை நிற்க வைத்து அளந்தார். “எனுக்கா மாமா?” என்று ஆசையாகக் கேட்டவனைத் திரும்பி நிற்கச் சொன்னார். இதற்குள் வெள்ளைச்சாமி பஜார் முழுவதும் நங்கநல்லூர்ப் பையனின் புகழைப் பரப்பிவிட்டார். அவனுடைய வாசிப்பைத் தான் ஒரு தடவை கேட்டிருப்பதாகவும் சேர்த்துக்கொண்டார்.

கச்சேரி அன்று கொட்டகை நிறைந்திருந்தது. முன்வரிசை நடு நாற்காலியில் வெள்ளைச்சாமி, மடியில் ஜிப்பா. பாய் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். அந்த ஒரு நாள்தான் அவர் கச்சேரியில் தூங்கவில்லை.

திரை மேலே போயிற்று. மேடையில் தம்பூராவுக்கு முன்னால் சீதா.

வெள்ளைச்சாமி பாதி எழுந்தார். அதே சமயம் செயலாளர் மைக்கில், “நமக்குத் திரை அளித்த வள்ளல் வெள்ளைச்சாமி அவர்களின் செல்வப் புதல்வி! தகப்பனார் இதை யாரிடமும் சொல்லாமல் அடக்கமாக இருந்துவிட்டார்!” என்றார். கொட்டகையே அவர் பக்கம் திரும்பிக் கைதட்டியது. பாதி எழுந்தவர் நாலு பக்கமும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

சீதா முதல் இரண்டு வரி நடுங்கினாள். அப்பா உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு குரல் நிமிர்ந்தது. முக்கால் மணி நேரமும் பாடினாள். நன்றாகப் பாடினாளா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஞானம் இல்லை. ஆனால் வாசலில் இருந்த சோடாக்காரர் உள்ளே வந்து நின்றுவிட்டார். கமலவேணி அம்மாள் மேடையோரத் தட்டியின் மறைவில் வந்து நின்று கேட்டார்.

மரியாதை செய்ய வெள்ளைச்சாமியை மேடைக்கு அழைத்தார்கள். போனார். கையில் ஆண்பிள்ளை ஜிப்பா. மகளைப் பார்த்தார், ஜிப்பாவைப் பார்த்தார், அதை மிருதங்கக்காரர் தோளில் போட்டார். பிறகு தணிந்த குரலில் கேட்டதாகத்தான் அவர் நினைத்தார், மைக் விடவில்லை.

“இதாட்டி நீ படிச்ச ஹிந்தி?”

கொட்டகை அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. சிரித்தவர்களில் சீதாவும் ஒருத்தி. கடைசியில் வெள்ளைச்சாமியும்.

மறுநாள் காலையில் அவர் நேராகப் பாய் கடைக்கு வந்தார். பாய் மெஷினை நிறுத்திவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றார்.

“வே பாய்! ஊர்ல எவன் பாடினாலும் எனக்குத் தெரியும்னீரே! என் மவ பாடுதா, உமக்குத் தெரியலையே! நங்கநல்லூராம், வயலினாம்! மூளைன்னு ஒண்ணு இருக்கா உமக்கு?”

பாய்க்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் வேண்டுமென்றே மறைத்தது வெளியாகிவிடும். படுதாவுக்கு அப்பால் யாரோ முந்தானையை வாயில் திணித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“ஏமாந்துட்டேன் மொதலாளி” என்றார் பாய்.

அதற்குப் பிறகும் வெள்ளைச்சாமி அதை விடவில்லை. அம்மாளின் தம்பி வேலூருக்கும் சீதாவையே கூப்பிட்டார். அப்பாவே ரயிலேற்றி அழைத்துப் போனார். பிறகு ஒரு நாள் ஒருவர் கடைக்கு வந்து, “பாய், சேலத்துல முதல்ல யாரு?” என்று கேட்டார். வெள்ளைச்சாமி எதிர்க் கடையிலிருந்தே கத்தினார்:

“அவர்ட்ட ஏம்வே கேக்கீரு? அவருக்கு ஒரு எழவும் தெரியாது. என்கிட்ட கேளும்!”

பாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “ஆமாங்க, அவரையே கேளுங்க” என்றார்.