ஆறு வயது குறைத்துச் சொன்னவள்

கர்ப்பப்பை இறங்கிவிட்டது, எடுத்துவிட வேண்டியதுதான் என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கட்டிலருகே வந்து, "வயசு என்னம்மா?" என்றார்.

"அறுபத்தொண்ணு" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிப் பழகிய பொய். என் புருஷன் எனக்கு மாமன் மகன். என்னைவிட மூன்று வயது இளையவர். சொத்து வெளியே போகக் கூடாதென்று கட்டிவைத்தவர்கள், ஊர் சிரிக்குமே என்று என் வயதில் ஆறைக் குறைத்துவிட்டார்கள். ஆதாரிலும் அதுவே ஏறிவிட்டது. சின்னதில் இவரை இடுப்பில் தூக்கி மூக்குத் துடைத்துவிட்டவள் நான் என்பது என் மருமகளுக்குக்கூடத் தெரியாது. அன்றைக்கு அவள்தான் தலைமாட்டில் நின்றாள்.

"சரியான வயசுதானே? அறுபத்தஞ்சு தாண்டியிருந்தா மருந்தைக் குறைச்சுத்தான் குடுப்போம். முழிக்க நேரமாகும். சில பேருக்கு ரெண்டு நாள் புத்தி தடுமாறும். அதுக்குத்தான் கேக்குறேன்" என்றார் டாக்டரம்மா.

அப்படியும் ஆமாம் என்று தலையாட்டினேன். சாவுக்குப் பயப்படாமல் மருமகளுக்குப் பயந்தேன் பாருங்கள், வெட்கங்கெட்டவள்!

டாக்டரம்மா வாசல்வரை போய்விட்டார். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த என் புருஷன் எழுந்தார். "டாக்டர், அவளுக்கு அறுபத்தேழு. எனக்கு மூணு வயசு மூத்தவ."

"என் மானத்த வாங்கிட்டீங்களே!" என்று எரிந்து விழுந்தேன். மருமகள் முகத்தை நான் ஏறிட்டே பார்க்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து நினைவு வந்தபோது பக்கத்துக் கட்டிலில் பேச்சுக் கேட்டது. எனக்குப் பிறகு உள்ளே போன சின்னப் பெண், அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒங்க அத்தை இன்னும் முழிக்கலையாக்கா?" என்றாள்.

"அவங்களுக்கு அறுபத்தேழு வயசும்மா, மெதுவாத்தான் முழிப்பாங்க" என்றாள் என் மருமகள், வார்டுக்கே கேட்கிற மாதிரி.

உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. முழிப்பு நன்றாகவே வந்துவிட்டது, கண்ணைத்தான் திறக்கவில்லை. இந்தப் பேச்சு அடங்கட்டும் என்று கட்டை மாதிரிக் கிடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ என் காலைப் பிடித்தார்கள். "இங்கிட்டு வந்து பாருங்க நர்ஸம்மா, இன்னும் கண்ணைத் தெறக்கலையே! மருந்து கூடிப்போச்சா?" என் புருஷனின் குரல். அப்புறம் விம்மல். அத்தனை பேர் பார்க்க அந்த மனுஷன் அழுகிறார், நான் மானம் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

கண்ணைத் திறந்தேன். "முழிச்சு ரொம்ப நேரமாச்சுங்க. அழுவாதீங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முழிச்சிட்டேல்ல, அது போதும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.