ஓரத்துல ரெண்டு பேர் விழல

"ஓரத்துல ரெண்டு பேர் விழல. உள்ள வாங்க."

சுத்தப் பொய். எல்லோரும் படத்துக்குள் கச்சிதமாக விழுந்திருக்கிறார்கள். இந்த ஒரே பொய்யை வைத்துக்கொண்டுதான் போட்டோகிராபர் குரூப் அக்கா, கல்யாண மேடைகளில் முறைத்துக்கொண்டு நிற்கும் சம்பந்திகளைத் தோளோடு தோள் ஒட்டவைக்கிறார். படத்தில் விடுபட்டுப்போக யாருக்குத்தான் மனசு வரும்?

அக்காவின் ஸ்டுடியோவுக்கு எதிரே மாநாட்டு மண்டபம். அண்டை நாட்டுத் தலைவர்கள் கூடும்போதெல்லாம் குரூப் படம் அக்காவின் பொறுப்பு. முதல் படத்தில் மூன்று நாடுகள், இப்போது ஆறு. பொதுச் சந்தை, சுங்கவரி விலக்கு என்று எதைப் பற்றிப் பேசினாலும் அக்காவுக்கு அது கூட்டுக்குடித்தனம்தான். "குடும்பம் பெருகுது. மூஞ்சிதான் ஒண்ணுக்கொண்ணு சேரல."

போன மாநாட்டில், தலைவர்களிடம் பொய் சொல்ல அக்கா துணியாததால், ஆற்றின் இக்கரைத் தலைவருக்கும் அக்கரைத் தலைவருக்கும் நடுவே ஓர் ஆள் புகும் இடைவெளி. மறுநாள் பேப்பரில் அதுவே செய்தியாகி, இருபக்கமும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, திறக்கவிருந்த பாலத்தை மறுபடி பூட்டினார்கள். அக்காவின் தங்கை வாழ்க்கைப்பட்டது அக்கரையில். தங்கை மகள் கல்யாணத்தைக்கூட, அக்கா போக வழியில்லாமல், வேறு எவனோ படமெடுத்தான். "அவன் எடுத்த குரூப்புல ஆளுக்கொரு ஊர்ல நிக்கிற மாதிரி நிக்கிறாங்க" என்று சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும்.

இன்று பாலத்தைத் திறக்கக் கையெழுத்தாகிவிட்டது. படம்தான் பாக்கி.

"மேடம், அந்த ரெண்டு தலைவருங்ககிட்ட ஒட்டி நில்லுங்கன்னு சொல்லிடாதீங்க" என்று வரவேற்பு அதிகாரி காதைக் கடித்தார்.

"சொல்ல மாட்டேன் சார். சம்பந்திங்க விஷயம் எனக்குத் தெரியாதா?"

இக்கரை, அக்கரைத் தலைவர்கள் இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றார்கள், நடுவில் அதே இடைவெளி. அக்கா கேமராவைத் தூக்கினார்.

"ஓரத்துல ரெண்டு பேர் விழல."

ஓரத்தில் நின்ற குட்டி நாட்டுத் தலைவர்கள் பதறிப்போய் உள்ளே நெருக்கினார்கள்.

"இன்னும் விழல சார்."

மறுபடி ஒரு நெருக்கு. இக்கரையாரின் முழங்கை அக்கரையாரின் விலாவில் போய் முட்டியது.

"கூசுது சார், கையை எடுங்க" என்று அக்கரையார் நெளிந்தார்.

"எங்க எடுக்கறது? இடம் இருந்தாத்தானே" என்றார் இக்கரையார். இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. வரிசை முழுக்கக் குலுங்கியது. அதிகாரிகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

படம் அற்புதமாக விழுந்துவிட்டது. அக்கா திருப்தியோடு லென்ஸுக்கு மூடியை மாட்டினார். வரிசை கலைந்து, ஒட்டிய தோள்கள் விலகத் தொடங்கின.

"அப்படியே நில்லுங்க சார், இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று, மூடியைக் கழற்றாமலே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.