எண்பது சுற்று ராஜலிங்கம்

கண்டியில் தையல் இயந்திர உதிரிப்பாகக் கடை நடத்திய ராஜலிங்கத்தைப் பொம்மைக் கார்ப் பந்தயக் கழகத்தின் தலைவராக்கியது அவருடைய திறமை அன்று; குரல். தொண்ணூறுகளின் நடுவில், அம்பிட்டியவிலிருந்த ஒரு மண்டபத்தில் உள்ளங்கை நீளக் கார்களைப் பலகைத் தடத்தில் ஓட்டியவர்களுள் ஒலிபெருக்கி தேவைப்படாதவர் அவர் ஒருவரே.

அவ்வாண்டு கொழும்புப் போட்டிக்குக் கழகத்திலிருந்து ஒரு கார் மட்டுமே போகலாம் என்று அறிவிப்பு வந்தது. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் நடக்கும் பந்தயத்தில் வெல்பவருக்கே அந்த இடம். ராஜலிங்கம் அதற்காகப் புதுச் சட்டையும் தைத்துவிட்டார்.

அவருடைய பொறியியல் அறிவு முழுவதும் 'சுற்று' என்ற ஒரே சொல்லில் அடங்கியிருந்தது. மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரில் மூன்று துருவங்கள் உண்டு. அவற்றில் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். கடையில் வாங்கும் கார் மோட்டாரில் துருவத்துக்கு ஏறத்தாழ ஐம்பது சுற்று. ராஜலிங்கம் அதைப் பிரித்து, மெல்லிய கம்பியால் எண்பது சுற்றினார்.

"கம்பி கூடச் சுத்துனா மோட்டாரும் கூடச் சுத்தும். இதுக்குப் பேராதனை யுனிவர்சிட்டியில போய்ப் படிக்கணுமா?" என்பார்.

படித்திருக்கலாம். சுற்று கூடக்கூட, அதே இடத்தில் அடங்குவதற்காகக் கம்பி மெலிகிறது. மின்தடை ஏறி மின்னோட்டம் குறைகிறது. போதாக்குறைக்கு, சுழலும் ஒவ்வொரு கம்பிச் சுற்றும் மின்கலத்துக்கு எதிரான மின்னழுத்தத்தை எழுப்புவதால், அத்தகைய ஆர்மேச்சர் சொற்ப வேகத்துக்கு மேல் ஏறாது. தமிழில் கம்பி சுற்றுவதற்கும் மோட்டார் சுற்றுவதற்கும் ஒரே சொல் இருப்பது மோட்டாருக்குத் தெரியாது.

பந்தயத்துக்குச் சற்று முன்பு அவருடைய மனைவியின் தம்பி கணபதி கடைசி முறையாகச் சொல்லிப் பார்த்தார்.

"மச்சான், கம்பிச் சுத்து வேற, ஓட்டச் சுத்து வேற. நான் தடிச்ச கம்பியில நாப்பதுதான் சுத்தியிருக்கேன்."

"கம்பி பத்தலைன்னா கடைக்கு வந்திருக்கலாமேப்பா!"

ஐந்து சுற்றுப் பந்தயம். கணபதியின் கார் மூன்றாம் சுற்றை முடித்தபோது தலைவரின் கார் முதற்சுற்றின் ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்தது.

"மச்சான், எறங்கித் தள்ளுங்க!" என்றார் கணபதி.

மண்டபம் சிரித்தது. கணபதியின் கார் ஐந்தாம் சுற்றை முடித்து நின்றது. ராஜலிங்கம் குனிந்து அதன் மோட்டாரைத் தொட்டு, விரலை வெடுக்கென இழுத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, அடுப்பு மாதிரி கொதிக்குது! என்னோடத தொட்டுப் பாருங்க, ஐஸ்! கொழும்புக்கு உழைக்கிற மோட்டார்தான் போகணும். வாக்கெடுப்பு வைக்கிறேன்."

மின்னோட்டம் போதாமல் குளிர்ந்து கிடந்த மோட்டாருக்கு ஆதரவாக அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். வேறு எவரும் அசையவில்லை.

"ஆளுக்கு ஒரு கைதான் தலைவரே," என்றார் செயலாளர் இருளப்பன்.

ஒரு கையை மட்டும் இறக்கிக்கொண்டு, தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுவதாக ராஜலிங்கம் முழங்கினார். அதற்குள் இருளப்பன் கொழும்புக்குக் கணபதியின் பெயரைச் சொல்லிவிட, எல்லோரும் தேநீருக்குப் போய்விட்டார்கள். தடத்தில் அவருடைய கார் மட்டும் இரண்டாம் சுற்றைத் தொடங்கியிருந்தது.